கேபினா, டெக்கா? நாகப்பட்டினம் கப்பலில் குடும்பங்கள் இடம் பிடித்த கதை

குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு முதலில் வரும் தலைவலி, எந்த அறையை எடுப்பது என்பதுதான். ஜன்னல் இல்லாத உள்ளறை விலை குறைவு. கடல் தெரியும் அறை கொஞ்சம் கூட. பால்கனி வைத்த அறை இன்னும் கூட. நாலு பேருக்கு ஒரே அறை போதுமா, இரண்டு அறை வேண்டுமா? மேல் தளமா, கீழ்த் தளமா? விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே சண்டை போடலாம்.

இது நமக்கு ஏதோ புதுக் கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் தஞ்சாவூர்ச் சீமைக்கு இது புதிதே இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடம் நம் பக்கத்து ஜனங்கள் நாகப்பட்டினத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். என்ன வித்தியாசம் என்றால், அப்போது கேள்வி "கடல் தெரியுமா" என்பது இல்லை. கேபினில் போகிறோமா, டெக்கில் போகிறோமா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு விஷயத்தைப் பொறுத்து, பினாங்கில் இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போவீர்களா, இல்லை ஒரு தீவில் அடைபட்டுக் கிடப்பீர்களா என்பது முடிவாகிவிடும். நான் வணிகவியல் மாணவன். அதனால் "யார் காசு கொடுத்தார்கள்" என்ற கண்ணோட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லப் பார்க்கிறேன்.

ஏன் நாகப்பட்டினம்?

இன்றைக்குத் தனி மாவட்டமாக இருந்தாலும், 1991 வரை நாகப்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. சோழர் காலத்துத் துறைமுகம். ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விகாரம் கட்டியதும், 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படை எடுத்ததும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அந்தக் கடாரம்தான் இப்போது மலேசியாவில் இருக்கும் கெடா. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது பினாங்கு.

1786-ல் ஆங்கிலேயர்கள் பினாங்கில் குடியேற்றம் அமைத்தார்கள். 1819-ல் சிங்கப்பூர். இரண்டு ஊருக்கும் பாய்மரக் கப்பல் ஏறி முதலில் போனவர்களில் நாகூர், நாகப்பட்டினம் வியாபாரிகள் முக்கியமானவர்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா பெயரிலேயே ஒரு கட்டடம் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்தது. நாகூர்ப் பக்கம் வெளிநாடு போய் வருகிறவரைச் சபுராளி என்பார்கள். ஒரு தொழிலுக்கே தனிச் சொல் உண்டாகிற அளவுக்குப் பழக்கமான பயணம் இது.

அப்புறம் ரயில் வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்துதான் பாதை போட ஆரம்பித்தது. 1861-ல் தஞ்சாவூர், அடுத்த வருடம் திருச்சிராப்பள்ளி. கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து கொட்டும் வேலையை இந்த ரயில் செய்தது. கடலில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. ரயில் ஒரு பக்கம், நீராவிக் கப்பல் ஒரு பக்கம். நடுவில் நாகப்பட்டினம்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்க முடியாது. ஆழம் போதாது. கப்பல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஜனங்கள் படகில் போய் ஏணியில் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் கைக்குழந்தையோடும் டிரங்குப் பெட்டியோடும் ஆடுகிற படகிலிருந்து ஏணிக்குத் தாவுவதை நினைத்துப் பாருங்கள். இது கேபின்காரருக்கும் டெக்காருக்கும் பொது. மேலே ஏறிய பிறகுதான் வழி பிரியும்.

ரஜூலாவும் ரோனாவும்

இந்த வழித்தடத்தின் புகழ்பெற்ற கப்பல் ரஜூலா. 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. கூடவே ரோனா என்று ஒரு ஜோடிக் கப்பல். இரண்டும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இப்போது போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் வழிக்கென்றே கட்டியவை. ஒவ்வொன்றும் சுமார் 8,500 டன்.

இந்த அளவுக் கப்பலில் எத்தனை பேர் போகலாம் என்று நினைக்கிறீர்கள்? டெக் பயணிகள் மட்டும் 5,000-க்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது! கேபின் பயணிகள் அதோடு ஒப்பிட்டால் ஒரு சிறு கூட்டம்தான். சிறு டவுன் ஒன்றையே ஏற்றிக்கொண்டு போகிற கப்பலில், கதவு சாத்திப் படுக்கிற வசதி மிகச் சிலருக்குத்தான்.

டெக் பயணி என்றால் யார்? பழைய சட்டத்தில் அவருக்குப் படுக்கை இல்லாத பயணி என்று பெயர். கேபினிலோ, தனியறையிலோ, சலூனிலோ அவருக்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை என்று அர்த்தம். அவர் யார் என்பதைச் சட்டம் சொல்வதே, அவருக்கு எது இல்லை என்பதை வைத்துத்தான். 1887-ஆம் வருடத்துச் சட்டம் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தை கணக்கிலேயே இல்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு ஆள். ஆக, அப்பா, அம்மா, ஐந்து வயதில் ஒன்று, எட்டு வயதில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஐந்து பேர் ஏறினால் கப்பல் கணக்கில் மூன்று பேர். இடமும் மூன்று பேருக்குத்தான்.

டெக்கில் ஒரு இடம்

டெக் டிக்கெட்டில் இட எண் கிடையாது. முந்தியவருக்கு இடம். பாயை விரி, டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் வை, மூட்டையை இன்னொரு பக்கம் வை. அதுதான் உன் கேபின். பாயின் விளிம்புதான் சுவர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நாலைந்து நாள். அத்தனை நாளும் குடும்பம் அந்தப் பாயில்தான்.

ஆனால் "எங்கே விரித்தால் என்ன" என்று சொல்லிவிட முடியாது. கப்பலை ஏற்றப் பலகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் ஏறி இறங்கும். நடு கிட்டத்தட்ட அசையாது. பக்கவாட்டில் ஆடும்போது உயரமான தளம் அதிகம் சாயும், கீழ்த்தளம் குறைவாகச் சாயும். அதனால் வாந்தி வராமல் இருக்க வேண்டுமானால் நடுவும் கீழும் நல்லது. ஆனால் கீழே காற்று வராது, எஞ்சின் பக்கம் அனல் அடிக்கும். மேலே திறந்த தளத்தில் காற்று உண்டு, மழையும் உண்டு. கழிப்பறை ரொம்பத் தூரமாக இருந்தால் பிள்ளைகளோடு கஷ்டம். ரொம்பப் பக்கமாக இருந்தால் நாற்றம். படிக்கட்டு ஓரம் என்றால் போகிற வருகிற கால் எல்லாம் மிதிக்கும். இத்தனையையும் யோசித்து, கூட்டம் ஏறி முடிவதற்குள் பாயை விரித்தாக வேண்டும். இன்றைக்குத் தளப் படத்தைப் பார்த்து நாம் செய்கிற யோசனையில் இதில் இல்லாதது ஒன்றுமில்லை.

கேபின்காரருக்கு வேறொரு யோசனை இருந்தது. ஏ.சி. வருவதற்கு முந்தைய காலத்தில், எந்தப் பக்கத்துக் கேபின் என்பது பெரிய விஷயம். ஆங்கிலத்தில் பகட்டானவர்களைக் குறிக்கும் "போஷ்" என்ற சொல், போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம் என்று கேபின் பதிவு செய்ததிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அகராதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டுக்கதையாகவே இருக்கட்டும். நம் வழிக்கு அது பொருந்துமா என்று பார்க்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே போகிறோம். தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்கு நமக்கு வலப்பக்கம், அதனால் இடப்பக்கக் கேபினில் வெயில் குறைவு. திரும்பி வரும்போது நேர்மாறு. ஆகக் குளிர்காலத்தில் கதை சரிதான். ஆனால் ஆனி மாதம் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அப்போது எல்லாம் தலைகீழ்!

டிக்கெட்டில் எழுதாத விலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கேபினுக்கும் டெக்குக்கும் வித்தியாசம் மெத்தையில் முடிந்துவிடவில்லை.

தென்னிந்தியாவிலிருந்து வரும் கப்பலில் காலரா, அம்மை வரும் என்று மலாயா அரசாங்கத்துக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதனால் கப்பலில் வந்தவர்களைத் தனியே வைத்துப் பார்க்க நிலையங்கள் அமைத்தார்கள். பினாங்குக்கு ஜெரஜாக் தீவு. சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு. போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு முகாம். பொதுவாக டெக் பயணிகள்தான் அங்கே போனார்கள். கேபின் பயணியை டாக்டர் பார்ப்பார், விலாசம் வாங்கிக்கொள்வார், அனுப்பிவிடுவார். கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியாது. ஆனால் விதிக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் கொஞ்சம் வசதி உள்ள குடும்பங்கள் கடன் பட்டாவது இரண்டாம் வகுப்பு எடுத்தார்கள். அவர்கள் வாங்கியது மெத்தையை மட்டும் இல்லை. முகாமில் போகாத நாட்களையும், பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நின்று சோதனைக்கு உட்படாத மரியாதையையும் சேர்த்து வாங்கினார்கள். எங்கள் பாடத்தில் வெளியே தெரியும் விலை, மறைந்திருக்கும் செலவு என்று இரண்டு சொல்லிக் கொடுப்பார்கள். டெக் டிக்கெட்டின் விலை குறைவு. முகாமில் போகும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் அது அத்தனை குறைவு இல்லை. ஆனால் கையில் காசு இல்லாதவனுக்கு இந்தக் கணக்குப் போட்டு என்ன பயன்?

டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

5,000 பேரை டெக்கில் ஏற்றும் கப்பலை ஏன் கட்டினார்கள் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பதில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது.

1907-ல் மலாயாவில் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தமிழ்க் கூலிகளை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லாரும், அவர்கள் செய்த வேலை நாட்களைக் கணக்கிட்டு, அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து புதிதாக வரும் தொழிலாளிக்குக் கப்பல் செலவு. 1910-ல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது நின்றது. கங்காணி முறை அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி உரிமத்தோடு சொந்த ஊருக்கு வந்து, தன் உறவிலும் தெருவிலும் ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவச் சோதனை, அம்மைப்பால் குத்துதல், கப்பல் வரும்வரை காத்திருத்தல். 1922-ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இதையெல்லாம் மேற்பார்க்க அரசாங்க அதிகாரியும் உண்டு.

ஆக, டெக்கில் படுத்திருந்த பெரும்பாலானவர்கள் டிக்கெட் வாங்கியவர்களே இல்லை. வாங்கியது நிதி. மொத்த வியாபாரம். மொத்தமாக வாங்குகிறவர் தலைக்கு எவ்வளவு குறைவு என்றுதான் பார்ப்பார். கப்பல் கம்பெனியும் அவருக்கு ஏற்ற கப்பலைத்தான் கட்டும். படுத்துப் போகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர் என்றால், படுக்கிற இடம் இப்படித்தான் அமையும்.

ஆனாலும் அவர்கள் போனார்கள், விருப்பத்தோடும் போனார்கள். ஏன் என்று புரிந்துகொள்ள வயல் பக்கம் திரும்ப வேண்டும். தஞ்சாவூர் நெல் வயலில் பண்ணையாள் என்றால், தலைமுறை தலைமுறையாக ஒரு மிராசுதாரரிடம் கடனில் கட்டுண்ட ஆள். அந்தப் பண்ணையாட்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் 1952-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு பண்ணையாள் குடும்பத்துக்கு வெளியே போக இருந்த வழிகள் மிகக் குறைவு. அதில் ஒன்று நாகப்பட்டினம் கப்பல். சேரியிலிருந்து வந்த குடும்பமும் ஊர்த்தெருவிலிருந்து வந்த குடும்பமும் ஒரே தளத்தில், பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்க வேண்டியிருந்த இடம் அந்த டெக். கிராமத்தில் அளந்து வைத்திருந்த தூரத்தை அங்கே எப்படி அளப்பது? போய்ச் சேர்ந்த தோட்டம் சொர்க்கம் இல்லை. அங்கேயும் கடனும் கங்காணியும் உண்டு. ஆனாலும் டெக்கை வெறும் துன்பக் கதையாக மட்டும் சொன்னால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும்.

டெக் பங்க் ஆனது

1938-ல் ரப்பர் தோட்டக் கூலிப் பிரச்சினை முற்றியது. அந்த ஜூன் மாதம் இந்திய அரசாங்கம், பிறர் செலவில் கூலி வேலைக்கு மலாயா போவதைத் தடை செய்தது. மொத்தமாக டிக்கெட் வாங்கிய ஆள் ஒரே நாளில் காணாமல் போனார்.

அடுத்த வருடமே யுத்தம். ரஜூலாவும் ரோனாவும் படை வீரர்களை ஏற்றப் போயின. 1943 நவம்பர் 26 அன்று, மத்தியதரைக் கடலில் அல்ஜீரியக் கரையோரம், ஜெர்மன் விமானம் வீசிய வழிகாட்டிக் குண்டு ரோனாவைத் தாக்கியது. 1,015 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். கப்பல் ஊழியர்களாக இருந்த இந்தியர்களும் பலர் போனார்கள். ஒரு காலத்தில் நம் ஊர்க் குடும்பங்கள் பாய் விரித்த கப்பல் இப்படி முடிந்தது. நாகப்பட்டினத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ரஜூலா தப்பியது. யுத்தத்துக்குப் பிறகு பழைய வழிக்கே திரும்பி வந்தது. ஆனால் பயணிகள் மாறிவிட்டார்கள். 1953-லிருந்து மலாயா குடியேற்ற விதிகளை இறுக்கியது. இப்போது கப்பலில் போனவர்கள் பெரும்பாலும் அங்கே வேரூன்றிய குடும்பங்கள். கல்யாணத்துக்கு வந்து திரும்புகிறவர்கள், பேரனைப் பார்க்கப் போகிற பாட்டி, விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கியவர்கள். டெக்கில் ஏற்றும் எண்ணிக்கை பழைய அளவில் பாதிக்கும் கீழே வந்தது. வெறும் தளத்தில் அடுக்குப் படுக்கைகள் வந்தன.

ரஜூலா 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டது. அடுத்த வருடம் உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது சிதம்பரம். 1966-ல் பாஸ்டர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் ஓட்டிய கப்பலை வாங்கி, பெயர் மாற்றி, நிறையப் படுக்கைகள் போட்டு ஓட்டினார்கள். தஞ்சை, நாகை வீடுகளில் இன்றைக்கும் ஐம்பது வயது தாண்டியவர்கள் "சிதம்பரம் கப்பல்" என்றால் முகம் மலர்வார்கள். 1985 பிப்ரவரி 12-ல் அதில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தச் சேவையே முடிந்துபோனது. மிச்சத்தை விமானம் எடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் உலகமும் இந்த விஷயத்தைக் கவனித்தது. படுக்கை இல்லாப் பயணிகளை ஏற்றும் கப்பல்களுக்கு 1931-ல் சிம்லா விதிகள் வந்தன. 1971-லும் 1973-லும் அவற்றுக்குப் பதிலாகப் புது ஒப்பந்தங்கள் வந்தன. தலைக்கு இவ்வளவு இடம் என்று உலக அளவில் எழுதி வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் நம் வழித்தடத்தில் பாய் போய்ப் படுக்கை வர ஆரம்பித்தது, போகிறவரே காசு கொடுக்க ஆரம்பித்தபோதுதான் என்பது என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், வாதாடலாம்.

இன்றைக்கு அறை எடுப்பவர்களுக்கு

2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது. 1990-ல் கட்டிய கப்பல். உள்ளறை, கடல் தெரியும் அறை, சூட் என்று வகை வகையாக இருந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்தே இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் போனது. மழைக் காலம் வந்து சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியது. சில மணி நேரப் பயணம் என்பதால் அதில் அறைகள் இல்லை, இருக்கைகள்தான். அதிலும் சாதாரணம், உயர்வகுப்பு என்று இரண்டு. வகுப்பு இல்லாமல் கப்பல் ஏது!

குடும்பத்தோடு கப்பல் ஏறப் போகிறீர்கள் என்றால், அந்த டெக்கார்கள் கற்றுக்கொண்டதையே நானும் சொல்வேன். தலைசுற்றல் உள்ளவர் இருந்தால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள். பால்கனி அறை பெரும்பாலும் உயரத்தில் இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று தளப் படத்தில் பாருங்கள். மேலே நடன அரங்கு என்றால் தாத்தா தூங்க முடியாது. நாலு பேர் அறை என்றால் இரண்டு படுக்கை மேலிருந்து மடக்கி இறக்குவதாக இருக்கும். பாட்டியால் ஏற முடியுமா என்று யோசியுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு என்றால், இடமும் குறைகிறதா என்று கேளுங்கள். 1887 கணக்கு இன்னும் முழுசாகப் போய்விடவில்லை!

இன்னொரு வேண்டுகோள். டெல்டாவில் நிறைய வீடுகளில் மலாயா போய் வந்தவர் ஒருவராவது இருந்திருப்பார். பழைய டிரங்குப் பெட்டியும் கடவுச்சீட்டும் எங்காவது பரண் மேல் கிடக்கும். எந்தக் கப்பல், எந்த வருடம், கேபினா டெக்கா, எத்தனை நாள் முகாம் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ரஜூலாவில் போனவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். கேபினில் போனவர்களின் கதை அங்கங்கே எழுதப்பட்டிருக்கிறது. பாயில் போனவர்களின் கதைதான் எழுதாமல் கிடக்கிறது.